இந்தோனேஷியாவின் சொந்தத் தத்துவம் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவனைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவதே நம் சங்கத்தின் மரபு. அவ்விருவரைப் பற்றியும் என்னினும் நன்கு பேச வல்லவர்கள் இந்த அவையிலேயே வீற்றிருக்கிறார்கள். மெட்ரிகுலேஷன் தேறியதும் ரயில்வே உத்தியோகத்தில் அமர்ந்துவிட்ட நான், பார்சல் கணக்குகளுக்கு இடையே கிடைத்த ஓய்வில் படித்த சிலவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். செயலாளர் அவர்கள் என்னிடம் தலைப்பைக் கேட்டபோது, "இந்தோனேஷியரின் தத்துவம்" என்றேன். "அப்படி ஒன்று இருக்கிறதா, சார்?" என்று அவர் வினவினார். அவரைக் குறை கூற மாட்டேன். அந்நாட்டு அறிஞர்களே அதே கேள்வியைத் தங்களுக்குள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1967ஆம் ஆண்டில் இந்தோனேஷியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நஸ்ருன் என்பார் "பல்சாபா இந்தோனேஷியா" என்னும் நூலை வெளியிட்டார். இந்தோனேஷியத் தத்துவம் என்பது அதன் பொருள். தம் மக்களின் சிந்தனை மேற்கத்தியரின் சிந்தனையுமன்று, இந்தியர், சீனர் முதலிய கீழ்த்திசையாரின் சிந்தனையுமன்று; அது தனித்து நிற்பது என்று அவர் வாதிட்டார். அதற்குச் சான்றாக அவர் காட்டியவை கிராம வழக்காறாகிய "அதாத்", எல்லோரும் கூடிப் பேசி ஒருமனப்படும் "முபாக்கத்", ஒருவர் சுமையைப் பலர் சேர்ந்து தூக்கும் "கோத்தோங் ரோயோங்", நாட்டார் பாடும் பந்துன் செய்யுட்கள் முதலியன.

இவர் எண்ணம் உயர்ந்தது. மூன்றரை நூற்றாண்டுக் காலம் டச்சுக்காரரின் தலையீட்டையும் ஆட்சியையும் கண்ட ஒரு சமூகத்தின் கல்விமான், "எங்களுக்கும் சிந்தனை உண்டு" என்று எழுந்து நிற்பதை யார் மெச்சாமலிருக்க முடியும்? ஆயினும் அவர் அடுக்கிய சொற்களைச் சற்று நிறுத்துப் பாருங்கள். அதாத் என்பது அரபுச் சொல். முபாக்கத் என்பதும் அரபுச் சொல். அதனோடு இணைத்துச் சொல்லப்படும் "முஷாவரா" அதாவது கூடி ஆலோசித்தல், அதுவும் அரபுதான். கோத்தோங் ரோயோங் ஒன்றுதான் ஜாவா மண்ணில் பிறந்த சொல்லாகத் தேறுகிறது. நூலின் தலைப்பை நோக்கினால் சிரிப்பே வந்துவிடும். பல்சாபா என்பது கிரேக்கத்தில் பிறந்து அரபு வழியாக வந்த சொல். இந்தோனேஷியா என்பதோ, 1850ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் எழுத்தாளர் இருவர் ஏடு ஒன்றில் பயன்படுத்திய பெயர். அதன் முன்பாதி நம் சிந்து நதியின் பெயரிலிருந்து கிளைத்தது. பின்பாதி தீவைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆக, தனித் தத்துவத்தை நாட்டவந்த நூலின் அட்டையிலேயே சொந்தச் சொல் ஒன்றுமில்லை!

அந்நியச் சரக்கையெல்லாம் இறக்கிவிட்டால் வண்டியில் எஞ்சுவதே நம்முடையது என்று எண்ணினால், கடைசியில் காலி வாகனைத்தான் பூட்டி முத்திரையிட நேரும்.

இங்கே நம்மவர் செய்யும் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜாவாவில் ராமாயணமும் பாரதமும் நடிக்கப்படுகின்றன என்று கேட்டவுடன், "எல்லாம் இங்கிருந்து போனதுதானே!" என்று நமக்கு மார்பு விம்மிவிடுகிறது. 1926இல் கல்கத்தாவில் "அகண்ட பாரதக் கழகம்" என்று பொருள்படும் ஒரு சபையே இக்கருத்தோடு தோன்றியது. போரோபுதூர் ஸ்தூபத்தையும் பிரம்பனான் கோயிலையும் நம் பிரயாணிகள் உறவினர் வீட்டுச் சுவரைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்து மகிழ்கிறார்கள். போனது உண்மைதான். கப்பல், கடை, பெட்டி, கட்டில் என்னும் நம் தமிழ்ச் சொற்கள் சிறிது உருமாறி இன்றும் மலாய் மொழியில் வழங்குகின்றன. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்னும் நம் வணிகக் குழுவினர் வைத்தது. ஆனால் போனதைப் பற்றிப் பேசுபவர்கள், போன இடத்தில் அது என்னவாயிற்று என்பதைக் கேட்பதில்லை. அதற்கு ஒரு கதை சொல்லுகிறேன். பாரதம் படித்த பெரியோர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இந்தக் கதையை வியாசரிலோ வில்லிபுத்தூராரிலோ படித்ததுண்டா என்று பிறகு நீங்களே சொல்லுங்கள்.

துரோணர் பீமனை அழைத்து, "உயிரின் நீரைத் தேடிக் கொண்டு வா" என்று கட்டளையிடுகிறார். அது கௌரவர்கள் பீமனை ஒழித்துவிடச் செய்த சூழ்ச்சி. தாயும் சகோதரர்களும் தடுக்கிறார்கள். குருவின் சொல் குருவின் சொல்தான் என்று பீமன் புறப்பட்டுவிடுகிறான். முதலில் காட்டுமலையில் தேடுகிறான், இரண்டு அரக்கர்களைக் கொல்கிறான், நீர் கிடைக்கவில்லை. பின்னர் நடுக்கடலில் இருக்கிறதென்று சொல்லப்படவே கடலில் இறங்குகிறான்; பெரிய நாகத்தோடு பொருது வெல்கிறான். அலைகளுக்கு நடுவே ஒரு சிறு உருவம் அவன்முன் தோன்றுகிறது. கையளவேயுள்ள தெய்வம், பார்வைக்கு அச்சு அசலாகப் பீமனேதான். தேவ ருச்சி என்பது அதன் பெயர். "என் இடக்காது வழியாக உள்ளே வா" என்கிறது. மலைபோன்ற உடலுடைய பீமன் திகைக்கிறான். இத்தனை சிறிய உருவத்துக்குள் எப்படி நுழைவது? காடும் மலையும் கடலுமாகிய உலகமனைத்தும் உள்ளே போனாலும் இடமிருக்கும் என்று விடை வருகிறது. பீமன் நுழைகிறான். திசையே இல்லாத வெட்டவெளி, பிறகு ஒளி, பிறகு வண்ணங்கள், வெளியே தான் விட்டுவந்த உலகமெல்லாம் உள்ளே. அங்கேயே தங்கிவிட விழைகிறான். தேவ ருச்சி சம்மதிக்கவில்லை. உனக்குப் போர்க்களத்தில் கடமை காத்திருக்கிறது, திரும்பிப் போ என்று அனுப்பிவிடுகிறது.

ஜாவாவின் நிழற்கூத்தில் விடிய விடிய ஆடப்படும் கதை இது. இதில் என்னை வெகுவாகக் கவர்ந்தது ஒரு நுட்பம். ஜாவா மொழியில் தாழ்ந்தோரிடமும் நண்பரிடமும் பேசும் பேச்சு வேறு, உயர்ந்தோரிடம் பேசும் பேச்சு வேறு. நம் "நீ", "தாங்கள்" வேற்றுமையினும் பன்மடங்கு கடுமையானது. சொற்களே மாறிவிடும். அந்தக் கூத்தில் பீமன் அரசனிடமும் குருவிடமும் தேவர்களிடமும் கூடத் தாழ்ந்த பேச்சிலேயே பேசுவான், யாருக்கும் வணங்கமாட்டான். அவன் உயர்ந்த பேச்சில் பேசுவது ஒரே ஒருவரிடந்தான்: தன் உருவத்தையே தாங்கி வந்த அந்தச் சிறு தெய்வத்திடம்.

பாத்திரங்கள் நம்முடையவை என்று வேண்டுமானால் பெருமைப்படுவோம். இந்தக் கருத்தை நாம் கொடுத்தோம் என்று எப்படிச் சொல்வது? பாண்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் செமார் என்னும் தொந்திக் கிழவனும் அப்படியே. விகடன்போல வந்து எல்லோரையும் சிரிக்க வைக்கும் அவன், உண்மையில் சிவனுக்கு மூத்த தமையன் என்பது ஜாவா மக்களின் கொள்கை. தேவர்கள் தவறினால் கண்டிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. உலகத்தின் மூத்த தெய்வத்தை வேலைக்காரன் வேடத்தில் அடுக்களையோரம் நிறுத்திவைத்த கற்பனை வியாசருடையதன்று.

"ரஸ" என்ற வடசொல்லையும் பாருங்கள். நம் வீட்டில் அது ரசமாகித் தம்ளருக்குள் அடங்கிவிட்டது. ஜாவாவில் அது நாவின் சுவை, உடலின் தொடுவுணர்ச்சி, மனத்தின் உணர்ச்சி, ஒரு சொல்லின் உட்பொருள் ஆகிய எல்லாவற்றுக்கும் பெயராகி, உண்மையை அறியும் கருவிக்கே பெயராக உயர்ந்துவிட்டது. எண்ணி அறிவதற்கும் கண்டு அறிவதற்கும் அப்பால் உணர்ந்து அறிதல் ஒன்றுண்டு என்பது அவர்கள் துணிபு.

இனி, கடல் கடந்து சென்ற வாதம் ஒன்று. நாம் குடியிருக்கும் இந்தக் குஜராத்திலேயே, சூரத்துக்கு எதிரே தபதியின் மறுகரையில் ராந்தேர் இருக்கிறது. நம்மில் பலர் பாலத்தைக் கடந்து போய் வந்திருப்போம். அவ்வூரில் பிறந்த நூருத்தீன் அர்-ரானீரி என்னும் மார்க்க அறிஞர் 1637இல் சுமத்திராவின் வடமுனையிலுள்ள ஆச்சே நாட்டுக்குச் சென்று, சுல்தான் இஸ்கந்தர் தானியின் ஆதரவைப் பெற்றார். அவருக்கு முன் அங்கே ஹம்ஸா பன்சூரி என்ற சூபி ஞானி மலாய் மொழியில் பாடல்களும் உரைநடை நூல்களும் இயற்றியிருந்தார். பன்சூர் என்பது, ஐந்நூற்றுவரின் கல்வெட்டைச் சொன்னேனே, அந்தப் பாரூஸின் பழம் பெயர். கடலும் அலையும் இரண்டல்ல. அதுபோல் உள்பொருள் ஒன்றே, உலகம் அதன் தோற்றம் என்பது ஹம்ஸாவின் கொள்கை. படைத்தவனையும் படைப்பையும் ஒன்றாக்குவது மார்க்கத்துக்கு விரோதம் என்று ரானீரி தீர்ப்பளித்தார். ஹம்ஸாவின் நூல்கள் பெரிய பள்ளிவாசலின் முன்னே தீயிலிடப்பட்டன. அவர் வழிவந்தோர் சிலர் உயிரையும் இழந்தனர்.

ரானீரி 1644இல் ஆச்சேயை விட்டு ராந்தேருக்கே திரும்பி 1658இல் காலமானார். 1661இல் அரபு நாட்டிலிருந்து தாயகம் திரும்பிய அப்துர் ரவூப் என்னும் ஆச்சே அறிஞர், ஒருவரை அவிசுவாசி என்று அவசரப்பட்டுப் பழித்தல் ஆகாது என்று எச்சரித்து எழுதினார். ஏடுகளை எரித்ததை நான் எவ்வகையிலும் ஆதரிக்கமாட்டேன். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்று, பல என்னும் இந்தப் பழைய வழக்கு ஆச்சேயில் மலாய் மொழியிலேயே வாதிடப்பட்டது. ரானீரியும் மலாய் மொழியிலேயே தம் மறுப்பை எழுத நேர்ந்தது. அதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், மஜபாகித் அரசில் வாழ்ந்த ம்பு தந்துலார் என்ற பௌத்தப் புலவர் தம் "சுதசோம" காவியத்தில், சிவன் என்றும் புத்தன் என்றும் வேறு வேறாகச் சொல்லப்படும் உண்மை ஒன்றே என்று அதே வழக்குக்குத் தம் தீர்ப்பை வழங்கியிருந்தார். இன்று இந்தோனேஷிய அரசின் கருடச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் வாசகம் அக்காவியத்திலிருந்தே எடுக்கப்பட்டது. பௌத்தன் ஒருவன் கேட்டான், சூபி ஒருவன் கேட்டான், நிழற்கூத்தாடி ஒருவனும் கேட்டான். மதம் மாறியும் கேள்வி மாறவில்லை. ஒரு நாட்டுக்குத் தத்துவ மரபு உண்டா என்று அறிய நான் நாடும் அடையாளம் இதுதான்.

20ஆம் நூற்றாண்டில் இந்த விசாரணை அரசியலோடு கலந்துவிட்டது. 1935இல் சுதான் தக்தீர் அலிஷபானா என்ற எழுத்தாளர், இந்தோனேஷியா என்பதே புதியது, போரோபுதூரும் மஜபாகித்தும் அதற்கு முந்திய பழங்கதை, இனி மேற்கத்தியரின் அறிவு முறையையே கற்க வேண்டும் என்று எழுதினார். நம் நாட்டில் சில காலம் தங்கிச் சென்ற கவிஞர் சனூசி பானே இதை மறுத்தார். மேற்கு, அறிவுக்காக ஆன்மாவை விற்ற ஜெர்மானியக் கதையின் பவுஸ்ட். கிழக்கு, இந்திரகீல மலையில் தவமிருந்த அர்ஜுனன். இருவரையும் இணைப்பதே நம் வேலை என்பது அவர் வாதம். பிறகு 1945 ஜூன் 1ஆம் தேதி சுகர்ணோ பஞ்சசீலத்தை அறிவித்தார். தாம் அதைப் படைக்கவில்லை, மக்களின் மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததாகவே அவர் கூறிவந்தார். ஐந்தையும் பிழிந்து ஒன்றாக்கினால் கோத்தோங் ரோயோங் எஞ்சும் என்றும் சொன்னார்.

அழகான பேச்சு. ஆனால் சுஹர்த்தோவின் ஆட்சியில், 1978 முதல் 1998 வரை, அந்த ஐந்து கொள்கைகளும் அதிகாரிகளுக்கும் மாணவர்களுக்கும் கட்டாய வகுப்புகளாயின. 1985இல் எல்லாச் சங்கங்களும் பஞ்சசீலத்தையே தம் ஒரே அடிப்படையாக ஏற்க வேண்டுமென்று சட்டமும் வந்தது. நம் சங்கத்தைப் போன்ற ஒரு சிறு சங்கமும் தன் விதிகளில் அதை எழுதியாக வேண்டிய நிலை! காட்ஜா மாடா பல்கலைக்கழகத்தில் 1967இல் தோன்றிய தத்துவப் பிரிவிலும் பஞ்சசீலத்தைச் சுற்றியே பெரும்பாலான ஆராய்ச்சிகள் நடந்தன. அரசாங்கம் விடையை அச்சிட்டுக் கொடுத்துவிட்ட பிறகு கேள்விக்கு ஏது இடம்?

அந்த விடையில் அடங்காத ஒருவர் தான் மலாக்கா. சுமத்திராவின் மினாங்கபாவ் குலத்தவர், புரட்சிக்காரர். ஜப்பானியர் ஆட்சியில் வேற்றுப்பெயரோடு ஜாகர்த்தாவின் ஓர் எளிய குடிலில் ஒளிந்திருந்து, 1942 ஜூலை முதல் 1943 மார்ச் வரை "மதிலோக்" என்ற நூலை எழுதினார். பொருள்முதல் வாதம், முரணியக்கம், தர்க்கம் ஆகிய மூன்றின் பெயர்களைச் சுருக்கி இணைத்த தலைப்பு அது. நாளொன்றுக்குச் சுமார் 3 மணியாக மொத்தம் 720 மணி நேரம் எழுதியதாக அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார்! மஸ்டர் ரோல் எழுதும் எங்களுக்கு இதைப் படித்ததும் அவர்மேல் ஓர் ஒட்டுறவு உண்டாகிவிட்டது. பின்னர் அவர் இலியாஸ் ஹுசேன் என்ற பெயரில் பாயா நிலக்கரிச் சுரங்கத்தில் அலுவலகப் பணியும் பார்த்தார். அந்த நிலக்கரிக்காகச் சக்கெத்தியிலிருந்து பாயாவுக்கு ஒரு ரயில்பாதை போடப்பட்டது. ரோமுஷா என்று பிடித்துவரப்பட்ட கூலிகள் அதில் ஏராளமாக மாண்டார்கள். சயாம் பாதையை அறிந்த நம்மவர் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

தேவ ருச்சியைக் கொண்டாடும் மக்களிடம் தான் மலாக்கா கடுமையாகப் பேசினார். மாய மந்திரத்தில் காரணம் தேடும் பழக்கத்தை விட்டு, கண்டதைச் சோதித்து அறியுங்கள் என்றார். 1949 பிப்ரவரியில் சொந்த நாட்டுப் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1963இல் தேசிய வீரர் என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் சுஹர்த்தோ காலத்தில் அவர் நூல்கள் தடுக்கப்பட்டிருந்தன. மார்க்ஸைப் பின்பற்றியதால் அவர் இந்தோனேஷியத் தத்துவஞானி ஆகமாட்டாராம். அப்படியானால் அரபுச் சொல்லை ஆண்ட ஹம்ஸாவும், வடமொழிக் கதையை ஆண்ட கூத்தாடியும் எப்படி ஆனார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக, என் மனத்துக்கு மிக நெருங்கியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஜோக்ஜகார்த்தா சுல்தான் ஏழாம் ஹமெங்குபுவோனோவின் புதல்வராக 1892இல் பிறந்தவர் சூர்யோமெந்தாராம். அரண்மனையில் அவரைச் சுற்றி வணங்குவோரும் கட்டளை கேட்போருமே இருந்தார்கள். தான் ஒரு முறைகூட மனிதனைச் சந்தித்ததில்லையே என்ற எண்ணம் அவரை வாட்டியது. அரண்மனையை விட்டு வெளியேறி, துணி விற்றார், கிணறு வெட்டும் கூலியாகவும் உழைத்தார். தேடிப் பிடித்து அழைத்து வந்தும் அவர் மனம் அங்கே ஒட்டவில்லை. இறுதியில் இளவரசர் பட்டத்தைத் துறந்து, சலாத்திகாவுக்கு அருகே ப்ரிஙின் கிராமத்தில் குடியானவராக வாழ்ந்தார். 1921, 1922 ஆண்டுகளில் செவ்வாய்க்கிழமைதோறும் அல்ல, ஜாவாவின் ஐந்துநாள் வாரத்தில் க்லிவோன் என்னும் நாளும் செவ்வாயும் சேர்ந்து வரும் இரவுகளில், நண்பர்கள் சிலரோடு கூடி நாட்டின் நிலையைப் பற்றிப் பேசிவந்தார். அந்த நண்பர்களில் ஒருவர் பின்னாளில் கி ஹஜார் தேவந்தாரா என்று புகழ்பெற்று, 1922இல் தாமான் சிஸ்வா பள்ளியை நிறுவினார். குழந்தைகளின் கல்வி அவர் பொறுப்பு, முதியோரின் கல்வி இவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள்.

முதியோருக்கு அவர் என்ன கற்பித்தார்? வேதம், புராணம், அரபு நூல், டச்சு நூல் எதையும் ஆதாரம் காட்டவில்லை. எளிய ஜாவா மொழியில் மனத்தின் நடமாட்டத்தை விளக்கினார். ஆசை நிறைவேறினால் நீளும், நிறைவேறாவிட்டால் சுருங்கும் என்பது அவர் கண்டது. அதை நம் காலனி வழக்கில் சொல்வதானால், ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் இருப்பவர் இரட்டை அறை கிடைத்தால் வாழ்நாளெல்லாம் சந்தோஷம் என்கிறார். கிடைத்த மூன்றாம் மாதம் பின்புறத்தில் தோட்டமிருந்தால் நலமாயிருக்கும் என்று தோன்றுகிறது. ஆசை நீண்டுவிட்டது. கிடைக்காதவரோ சில நாள் வருந்துகிறார். பிறகு, கூரை ஒழுகாமலிருந்தால் போதும் என்கிறார். ஆசை சுருங்கிவிட்டது. ஆகவே எட்டினால் என்றென்றும் இன்பம், தவறினால் என்றென்றும் துன்பம் என்று சொல்லத்தக்க பொருள் மண்ணிலும் இல்லை, விண்ணிலும் இல்லை என்று அவர் சொன்னார். நான் சொல்வதை நம்பவேண்டாம், உங்கள் மனத்தையே பார்த்துச் சரிபாருங்கள் என்பது அவர் முறை. பாமரருக்கும் புரியும் பேச்சு. பண்டிதரும் மறுக்கத் தடுமாறும் பேச்சு. அவர் 1962இல் மறைந்தார். அவர் வழியில் மனத்தைப் பயில்வோர் ஜாவாவில் இன்றும் கூடிப் பேசிவருகிறார்கள்.

அவர் காட்டிய முடிவான நிலைக்குப் பெயர், அடையாளமில்லாத மனிதன். பட்டம், சொத்து, குலம், இனம், கற்ற கல்வி ஆகியவற்றையெல்லாம் "நான்" என்று எண்ணும் வரையில் ஒருவன் மற்றொருவனைச் சந்திக்க முடியாது. அவை கழன்ற இடத்தில்தான் மனிதன் மனிதனைச் சந்திக்கிறான் என்றார். இந்தோனேஷியாவுக்கே உரிய தத்துவஞானிகள் யார் யார் என்று இப்போது அறிஞர்கள் ஜாபிதா தயாரிக்கிறார்கள். அதில் இவர் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள்.